கிரேட்டர் கிளைடரை இரவுக் காட்டில் தொந்தரவு செய்யாமல் பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கிழக்கு ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸ் காடுகளுக்கு இரவில் போகிறவர்கள் பெரும்பாலும் கண்ட மரத்திலெல்லாம் டார்ச்சை அடித்துக்கொண்டே நடப்பார்கள். கழுத்து வலிக்க வலிக்கத் தேடிவிட்டு, "இங்கே ஒன்றுமே இல்லை" என்று திரும்பிவிடுவார்கள். கிரேட்டர் கிளைடர் அவர்கள் தலைக்கு மேலேயே இருந்திருக்கலாம். அது சத்தம் போடாத விலங்கு. உயரத்தில் உட்கார்ந்து இலை தின்னும். ஆள் அரவம் கேட்டால் அப்படியே அசையாமல் இருந்துவிடும். அதைப் பார்க்க வேண்டுமானால் தேடலைப் பகலில், மரத்திலிருந்து தொடங்க வேண்டும். அதனால் இந்த வழிகாட்டியில் டார்ச் கடைசியில்தான் வரும்.

சிட்னியின் டூங்காபி, வென்ட்வர்த்வில் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களுக்கு ப்ளூ மவுண்டன்ஸின் மேற்பகுதி ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணம்தான். மெல்பர்னில் இருப்பவர்களுக்கு டூலாங்கி, மேரிஸ்வில் காடுகளும் ஏறக்குறைய அதே தொலைவு. கங்காருவையும் கோலாவையும் மிருகக்காட்சிசாலையில் பார்த்துவிட்டு ஊருக்குப் போட்டோ அனுப்பியவர்கள் பலர் இதன் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அழிந்துவரும் விலங்கு என்று ஆஸ்திரேலிய அரசே பட்டியலிட்ட ஒன்று இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது.

விலங்கு எப்படி இருக்கும்?

மிதந்து பாயும் பைப்பாலூட்டிகளில் இதுதான் மிகப் பெரியது. தலையும் உடலும் சேர்ந்து 35 முதல் 45 சென்டிமீட்டர். வால் அதைவிட நீளம். 60 சென்டிமீட்டர் வரைகூட வரும். தெற்கே இருப்பவை ஒன்றரைக் கிலோவுக்கு மேலும் இருக்கும். வடக்கே போகப் போக உடல் சிறுத்துவிடும். ரோமம் அடர்த்தியாக இருப்பதால் எடைக்கு மீறிய பருமனாகத் தெரியும். நிறத்தில் ஒரு ஒழுங்கும் கிடையாது: முதுகு கிட்டத்தட்ட கறுப்பாகவும் வயிறு வெள்ளையாகவும் ஒன்று இருக்கும், அடுத்த மரத்தில் சாம்பலும் வெள்ளையும் கலந்த ஒன்று இருக்கும், சில இடங்களில் தலை முதல் வால் வரை பால் வெள்ளையாகவும் பார்க்கலாம். நிறத்தை வைத்து இனம் பிரிக்க முயல வேண்டாம்.

1792-இல் ராபர்ட் கெர் இதற்கு அறிவியல் பெயர் சூட்டியதிலிருந்து நெடுங்காலம் ஒரே இனமாகவே கருதப்பட்டது. 2020-இல் மரபணு ஆய்வை வைத்து மூன்றாகப் பிரித்தார்கள்: தெற்கே பெட்டாராய்டஸ் வோலன்ஸ், நடுவில் அர்மில்லாட்டஸ், வடக்கே மைனர். விக்டோரியாவிலும் நியூ சவுத் வேல்ஸிலும் தேடுகிறவர்கள் பார்ப்பது தெற்கு இனத்தை. குயின்ஸ்லாந்தின் யுங்கெல்லா பக்கம் நடு இனம். அதர்ட்டன் மேட்டுநிலத்தின் மேற்கு விளிம்பில் வடக்கு இனம். டாஸ்மேனியாவில் இது கிடையாது.

ஆனைமலையிலோ முதுமலையிலோ பறக்கும் அணிலைப் பார்த்தவர்களுக்கு இது ஓரளவு பழக்கப்பட்ட உருவமாகத் தோன்றும். உறவு ஒன்றும் இல்லை. அது கொறிக்கும் விலங்கு. இது கோலா, கங்காரு வகையறா. இரண்டும் தனித்தனியாக ஒரே வித்தையைக் கற்றுக்கொண்டவை. கூர்ந்து பார்த்தால் வித்தியாசம் தெரியும்: பறக்கும் அணிலுக்குச் சவ்வுத்தோல் மணிக்கட்டு வரை போகும், கிரேட்டர் கிளைடருக்கு முழங்கையோடு நின்றுவிடும். அதனால் இது பாயும்போது முன்கைகளை மடித்து, இரண்டு கைகளையும் மோவாய்க்கடியில் வைத்துக்கொள்ளும். முழங்கைகள் பக்கவாட்டில் துருத்தி நிற்கும். கீழிருந்து பார்த்தால் முக்கோணம் ஒன்று, பின்னால் நீண்ட வாலோடு, வானத்தைக் கடந்து போகும். ஒரே பாய்ச்சலில் 100 மீட்டர் வரை கடக்கும். நடுவழியில் திசையும் திருப்பும். இறங்கும்போது நான்கு கால்களும் மரத்தண்டில் மோதும் "தப்" என்ற சத்தமும், நகம் பட்டையைப் பிறாண்டும் சத்தமும் கேட்கும். இது எழுப்புகிற பெரிய சத்தமே அதுதான்.

சாப்பாடு யூகலிப்டஸ் இலை, அதிலும் இளந்தளிரும் மொட்டும். நம் ஊரில் தைல மரம் என்கிறோமே, அதன் சொந்தக்காரர்கள்தான் இந்தக் காட்டு மரங்கள். தைல மணம் தரும் அதே வேதிப்பொருள்கள் பெரும்பாலான விலங்குகளுக்கு நஞ்சு. கிளைடரின் குடலும் ஈரலும் அதைச் சமாளிக்கப் பழகிவிட்டன. ஆனால் சத்து குறைந்த உணவு என்பதால் வீணடிக்கத் தெம்பு கிடையாது. ஒருமுறை பயந்து தேவையில்லாமல் பாய்ந்தாலும் அதற்கு நட்டம்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் சொல்லப்போகும் கட்டுப்பாடுகள் எதற்கு என்று தானே புரியும்.

பொந்து இல்லாவிட்டால் கிளைடர் இல்லை

பகல் முழுக்க இது மரப்பொந்துக்குள் தூங்கும். ஆஸ்திரேலியாவில் மரங்கொத்தியே கிடையாது. நம் காடுகளில் மரங்கொத்தியும் குக்குறுவானும் சில வாரங்களில் குடைந்து தருகிற துளையை இங்கே காளானும் கரையானும் தீயும் ஒடிந்த கிளைகளும் சேர்ந்து மெல்ல மெல்லச் செய்ய வேண்டியிருக்கிறது. இந்த அளவு விலங்கு நுழையும் பொந்து உருவாக நூறு, நூற்றைம்பது ஆண்டுகள்கூட ஆகும். நீலகிரியில் நட்டுச் சில ஆண்டுகளில் வெட்டிவிடுகிற தைலத் தோப்பில் பொந்தைத் தேடினாலும் கிடைக்காது. இங்கேயும் மரம் வெட்டி மீண்டும் வளர்ந்த இளங்காட்டில் அதே கதைதான்: இலை ஏராளமாக இருக்கும், படுக்க இடம் இருக்காது.

ஒரு கிளைடர் ஒரே பொந்தை நம்பி வாழ்வதில்லை. சில ஹெக்டேர் பரப்புள்ள தன் இடத்துக்குள் பல பொந்துகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும். ஒரு பொந்து மரத்தடியில் நின்று எதுவும் வெளிவரவில்லை என்றால், அந்த மரம் காலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நேற்று இருந்தது, நாளை வரலாம்.

ஆண்டுக்கு ஒரே குட்டி. மார்ச் முதல் ஜூன் வரை பிறக்கும். மூன்று, நான்கு மாதம் பைக்குள் இருக்கும். அப்புறம் இன்னும் சில மாதம் பொந்திலும் தாயின் முதுகிலுமாகக் காலம் தள்ளும். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபரில் போனால் முதுகில் குட்டியோடு தாயைப் பார்க்க வாய்ப்பு உண்டு. கூடுதல் கவனம் வேண்டிய மாதங்களும் அவைதான்.

2016-இல் பாதிப்புக்குள்ளாகக்கூடிய விலங்கு என்று தேசியப் பட்டியலில் இடம்பெற்ற தெற்கு, நடு இனங்கள், 2019-20 கோடைக் காட்டுத்தீக்குப் பிறகு 2022 ஜூலையில் அழியும் நிலையில் உள்ளவை என்ற பிரிவுக்கு நகர்ந்தன. தீ மட்டும் காரணம் அல்ல. மரம் வெட்டுதல் ஒன்று, வெப்பம் இன்னொன்று. வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்காத இரவுகள் கூடக் கூட இந்த விலங்கு தடுமாறுகிறது. உடம்புச் சூட்டை வெளியேற்றும் திறன் இதற்குக் குறைவு. சூடு ஏறினால் இலையிலுள்ள நஞ்சைத் தாங்கும் சக்தியும் குறைந்து, தின்பதையே குறைத்துக்கொள்கிறது. குளிர்ந்த உயரமான காடுகளில் இன்னும் நல்ல எண்ணிக்கையில் இருப்பதும், தாழ்ந்த சூடான காடுகளிலிருந்து மறைந்துவருவதும் இதனால்தான்.

படி 1: காட்டையும் நாளையும் தேர்ந்தெடுங்கள்

இடம் தேடும்போது மூன்றைப் பாருங்கள்: முதிர்ந்த யூகலிப்டஸ், உயரம், ஈரம். ரிப்பன் கம், மவுண்டன் கிரே கம் போன்ற வழவழப்பான பட்டையுள்ள பெரிய மரங்கள் நிற்கும் ஓடைக்கரைச் சரிவுகள் நல்ல தொடக்கம். விக்டோரியாவில் சென்ட்ரல் ஹைலண்ட்ஸ், ஸ்ட்ராத்போகி மலைக்காடுகள். நியூ சவுத் வேல்ஸில் ப்ளூ மவுண்டன்ஸின் மேற்பகுதி, பிரெய்ட்வுட் அருகே டல்லகண்டா. அட்லஸ் ஆஃப் லிவிங் ஆஸ்திரேலியா இணையதளத்தில் பழைய பதிவுகளை வரைபடத்தில் பார்க்கலாம். 30 ஆண்டுக்கு முந்தைய புள்ளியை நம்பிப் போகாதீர்கள். இடையில் அந்தக் காடே எரிந்திருக்கலாம்.

தேசியப் பூங்காவில் இரவில் நடக்க அனுமதி உண்டா என்று முன்கூட்டியே பாருங்கள். சில பூங்காக்களின் வாசலை இரவில் பூட்டிவிடுவார்கள். தனியார் நிலம் என்றால் உரிமையாளரிடம் கேட்க வேண்டும். சில அரசுக் காடுகளில் உரிமம் பெற்ற வேட்டைக்கும் இடம் உண்டு. அன்றைக்கு அங்கே வேட்டை இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். நாயை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

காற்று, மழை, மூடுபனி மூன்றும் இல்லாத இரவு வேண்டும். காற்றடித்தால் கிளைடர் இறங்கும் சத்தம் கேட்காது. முதிர்ந்த மரங்களின் கிளையும் முறிந்து விழும். மழை நின்ற உடனேயும் போகாதீர்கள். ஈர இலை ஒவ்வொன்றும் டார்ச் ஒளியில் மின்னி, எது கண், எது நீர்த்துளி என்று குழப்பும். முழு நிலவு பார்க்க அழகுதான். கண்ணொளியைக் கண்டுபிடிக்கத்தான் சிரமம். தேய்பிறையின் கடைசி நாட்களும் அமாவாசையை ஒட்டிய நாட்களும் வசதி.

படி 2: பகலில் ஒரு நடை

பலரும் தவிர்ப்பது இந்தப் படியைத்தான். என்னைக் கேட்டால் மொத்த வேலையில் பாதி இதுதான். மாலை மூன்று, நான்கு மணிக்கே போய், இரவில் நடக்கப்போகும் பாதையை ஒருமுறை நடந்து பாருங்கள். வழுக்கும் இடம், விழுந்து கிடக்கும் மரம், பாதை பிரியும் முனை எல்லாம் வெளிச்சத்திலேயே மனதில் பதியட்டும்.

நடக்கும்போதே பொந்து மரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். உச்சி முறிந்து மொட்டையாக நிற்கும் பெரிய மரம், பழைய கிளை ஒடிந்த இடத்தில் கறுப்பாகத் தெரியும் வாய், தண்டின் நடுவே தீப்பட்ட பிளவு. பைனாகுலரால் பொந்தின் விளிம்பைப் பாருங்கள். விலங்கு போய்வரும் பொந்தின் விளிம்பு தேய்ந்து மழுங்கியிருக்கும். வழவழப்பான பட்டையில் நகக்கீறல்கள் மேல்நோக்கிப் போகும். கீறல் மட்டும் சாட்சி ஆகாது. பாஸம் என்ற மரமேறும் பைப்பாலூட்டி ஏறினாலும் உடும்பு ஏறினாலும் அதே கீறல்தான். இருந்தாலும் அந்தியில் எந்த மரத்துக்கு முன்னால் உட்காருவது என்று முடிவெடுக்க அது போதும்.

உட்கார இடத்தையும் இப்போதே தேர்ந்துவிடுங்கள். மரத்துக்கு நேர் அடியில் வேண்டாம். 20, 30 மீட்டர் தள்ளி, பொந்துக்குப் பின்னால் வெட்டவெளி வானம் தெரியும் பக்கமாக. மேற்கு வானம் பின்னணியாக அமைந்தால் இன்னும் நல்லது. அந்தப் பக்கம்தான் கடைசிவரை வெளிச்சம் மிஞ்சும்.

படி 3: பையில் என்ன இருக்க வேண்டும்?

ஹெட் டார்ச் ஒன்று, சிவப்பு ஒளியும் தருவதாக. கையில் பிடிக்கும் டார்ச் ஒன்று, ஒளியைக் கூட்டிக் குறைக்கும் வசதியோடு. சில நூறு லூமென் தாராளம். ஆயிரக்கணக்கில் லூமென் அடிக்கும் டார்ச்சுகள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. இந்த வேலைக்கு அவை ஆகாது. சிவப்பு ஒளி இல்லாத டார்ச் என்றால் சிவப்பு செல்லோபேன் தாளை இரண்டு மடிப்பாக மடித்து ரப்பர் பேண்ட் போட்டால் சரி. 8x42 அளவு பைனாகுலர் இருட்டுக்கு ஏற்றது. உட்காரச் சிறிய மடக்கு நாற்காலி அல்லது பாய். கோடையிலும் ஒரு கம்பளி. மலைக்காட்டில் சூரியன் சாய்ந்ததும் குளிர் எலும்பில் ஏறும். பிளாஸ்டிக் மழைக்கோட்டை மட்டும் விட்டுவிட்டுப் போங்கள். அதன் சரசரப்பு காடு முழுக்கக் கேட்கும்.

படி 4: அந்தியில் டார்ச் இல்லாமல் காத்திருங்கள்

சூரியன் மறைவதற்கு அரை மணி முன்பே போய் உட்கார்ந்துவிடுங்கள். ஆஸ்திரேலியாவில் இதை ஸ்டாக் வாட்சிங் என்பார்கள். விக்டோரியாவில் லெட்பீட்டர்ஸ் பாஸத்தைக் கணக்கெடுக்க நெடுங்காலமாகப் பயன்படும் முறை. ஒரு மரத்துக்கு ஒருவர். நான்கு பேர் போனால் நான்கு மரங்கள். ஒரே மரத்தடியில் நான்கு பேர் உட்கார்ந்தால் பேச்சுதான் வளரும்.

போனை அணைத்துவிடுங்கள். திரை வெளிச்சம் ஒருமுறை பட்டால் கண் மறுபடி இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும். பார்வையைப் பொந்தில் குத்திட்டு வைக்காமல், பொந்தும் அதைச் சுற்றியுள்ள வானமும் சேர்ந்து தெரியும்படி வையுங்கள். மங்கலான அசைவு ஓரப்பார்வைக்குத்தான் முதலில் தட்டுப்படும்.

முதலில் கூக்கபராப் பறவைகளின் கூட்டுச் சிரிப்பு அடங்கும். வௌவால்கள் வரும், அவற்றைக் கண்டு பதறாதீர்கள். சூரியன் மறைந்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள், பொந்தின் வாயில் ஏதோ அடைத்தாற்போலத் தெரியும். அது தலை. கிளைடர் உடனே வெளியே வருவதில்லை. எட்டிப் பார்த்தபடி சில நிமிடம் அப்படியே இருக்கும். காது பெரிது, ரோமம் மண்டியது. வானத்துக்கு எதிரே அந்தக் காதுகளின் விளிம்பு பஞ்சாகத் தெரிந்தால் ஆள் இதுதான். பிறகு உடம்பை வெளியே இழுத்து, மரத்தண்டில் ஏறி, உச்சிக் கிளையில் சற்று நிற்கும். வால் நேராகக் கீழே தொங்கும். சில நேரம் உட்கார்ந்து கைகளை நக்கிச் சுத்தம் செய்யும். அப்புறம் பாய்ந்துவிடும்.

இந்தக் காட்சி முழுவதையும் ஒரு துளி வெளிச்சம்கூட இல்லாமல் பார்க்கலாம். விலங்குக்கு நீங்கள் வந்ததே தெரியாது. அந்த நேரத்தில் ஆர்வம் தாங்காமல் டார்ச் அடிப்பதுதான் பெரிய தவறு. பொந்து வாயில் வெளிச்சம் பட்டால் விலங்கு உள்ளே போய்விடும். இரை தேடும் நேரம் வீணாகும். குட்டியோடு இருக்கும் தாய் என்றால் பொந்தையே மாற்றவும் கூடும்.

படி 5: இனி டார்ச்

முழு இருட்டானதும் மெல்ல நடக்கத் தொடங்குங்கள். அந்திக்குப் பிந்தைய இரண்டு, மூன்று மணி நேரம்தான் கிளைடர் அதிகம் நடமாடும் வேளை. டார்ச்சை இடுப்பில் பிடித்தால் பயன் இல்லை. விலங்கின் கண்ணுக்குப் பின்புறம் கண்ணாடிபோன்ற ஒரு படலம் இருக்கிறது. அதில் பட்ட ஒளி வந்த வழியே திரும்பும். உங்கள் கண்ணும் டார்ச்சும் ஒரே கோட்டில் இருந்தால்தான் அது உங்களிடம் வரும். டார்ச்சைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடியுங்கள், அல்லது ஹெட் டார்ச்சைப் பயன்படுத்துங்கள்.

குறைந்த வெள்ளொளியில், ஒரு மரத்தின் தண்டிலிருந்து உச்சிவரை ஒருமுறை மெதுவாகத் தடவுங்கள். எங்கும் நிறுத்த வேண்டாம். பத்துப் பதினைந்து அடி நடந்து அதே மரத்தை வேறு கோணத்தில் பாருங்கள். இலை மறைத்த கண் இப்போது தெரியலாம். கண்ணொளி மின்னியதும் ஒளியைச் சட்டென்று பக்கத்துக்கு நகர்த்திச் சிவப்புக்கு மாற்றுங்கள். தேட வெள்ளை, பார்க்கச் சிவப்பு. சிவப்பில் தேடினால் தொலைவில் உள்ள கண் தட்டுப்படாது; வெள்ளையில் பார்த்துக்கொண்டே இருந்தால் விலங்குக்குக் கண் கூசும். வெள்ளொளியைத் தவிர்க்கவே முடியாவிட்டால் ஒளிவட்டத்தின் மங்கலான விளிம்பை மட்டும் அதன் மேல் படவிடுங்கள்.

ஒளி ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், கிளைடரைத் தின்னக் காத்திருக்கும் பவர்ஃபுல் ஆந்தைதான் காரணம். இறக்கையை விரித்தால் ஒரு மீட்டருக்கு மேல் அகலம். கிளைடர்தான் அதற்குப் பிடித்தமான உணவுகளில் ஒன்று. கூசிப்போன கண்ணோடு, வெளிச்சத்தில் பளிச்சென்று நிற்கும் கிளைடரை அந்த ஆந்தைக்குக் காட்டிக்கொடுக்கும் வேலையை நாம் செய்யக் கூடாது. பக்கத்தில் ஆழ்ந்த குரலில் "ஊ-ஊ" என்று இரட்டைக் கூவல் கேட்டால் டார்ச்சை அணைத்துவிட்டு வேறு பக்கம் போங்கள்.

படி 6: பார்த்தது எது?

கிரேட்டர் கிளைடரின் கண்ணொளி பளீரென்று, வெண்மஞ்சளாக, உயரத்தில், அகலமான இரண்டு புள்ளிகளாகத் தெரியும். காட்டில் கிடைப்பதிலேயே அதுதான் பிரகாசம். ரிங்டெயில் பாஸத்தின் கண் சிவந்து தெரியும். அதன் வால் மெலிந்து, நுனி வெண்மையாக, கிளையைச் சுற்றிப் பிடித்திருக்கும். கிரேட்டர் கிளைடரின் வாலோ கடைசிவரை புசுபுசுவென்று தொங்கும். பிரஷ்டெயில் பாஸம் பெரும்பாலும் தாழ்ந்த கிளையிலோ தரையிலோ இருக்கும், மூக்கு இளஞ்சிவப்பு, தொண்டையைச் செருமுவதுபோல் உறுமும். சுகர் கிளைடர் உள்ளங்கை அளவுதான். எலோ-பெல்லீட் கிளைடரைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிடுவீர்கள்: கொப்பளித்துக்கொண்டு அலறுவதுபோன்ற அந்தக் குரலை முதல்முறை கேட்பவர்கள் காரை நோக்கி நடையைக் கட்டுவார்கள். தரையில் நீலப்பச்சையாகச் சிறுசிறு மினுக்கங்கள் தெரிந்தால் அவை சிலந்திகள். அவற்றை எண்ண ஆரம்பித்தால் நடக்கவே மனம் வராது.

படி 7: எப்போது விலகுவது?

விலங்கே சொல்லும். தின்றுகொண்டிருந்தது நிறுத்தினால், உங்களையே உற்றுப் பார்த்தால், முகத்தைத் திருப்பிக்கொண்டால், மேலே ஏறத் தொடங்கினால், ஒளியை அணையுங்கள். அது எதுவும் செய்யாவிட்டாலும் வெள்ளொளி சில நொடிக்கு மேல் வேண்டாம்; சிவப்பொளியிலும் ஓரிரு நிமிடம் போதும். கூட்டமாகப் போனால் ஒருவர் மட்டும் டார்ச் பிடிக்கட்டும். ஐந்து பேர் ஐந்து திசையிலிருந்து அடித்தால் அதற்குத் தப்ப வழியே இல்லை. மரத்தைத் தட்டுவது, ஆந்தைக் குரலைப் போனில் ஒலிக்கவிடுவது, பழத்தைக் காட்டி அழைப்பது எதுவும் கூடாது. இது இலை தின்னும் விலங்கு. உங்கள் வாழைப்பழம் அதற்கு எதற்கு?

வெப்ப அலை நாட்களில் போகவே வேண்டாம். ஏற்கெனவே சூட்டில் தவிக்கும் விலங்கை ஓடவைப்பது கொடுமை.

படம் எடுப்பவர்கள் ஃபிளாஷை முழுவதுமாக மறந்துவிடுங்கள். அந்தியில் வானப் பின்னணியில் நிழலுருவமாக எடுப்பதுதான் இந்த விலங்குக்கு ஏற்ற படம். ஐஎஸ்ஓ 3200, 6400 என்று ஏற்றினாலும் இன்றைய கேமராக்கள் தாங்கும். சிவப்பொளியில் எடுத்ததைக் கறுப்பு வெள்ளையாக்கினால் நன்றாகவே வரும். போனில் எடுத்தால் கறுப்புத் திரையில் இரண்டு புள்ளிதான் வரும். அதற்காக டார்ச்சைக் கூட்டாதீர்கள்.

உங்கள் பாதுகாப்பு

இந்தக் காட்டில் ஆளைக் கொல்லக்கூடியதில் முதலிடம் பாம்புக்கு அல்ல, மரக்கிளைக்கு. யூகலிப்டஸ் பெருங்கிளைகள் காற்றே இல்லாத நாளிலும் முறிந்து விழும். பொந்து மரம் என்றாலே உள்ளே உளுத்த மரம்தான். அடியில் நிற்பதும் கூடாரம் போடுவதும் வேண்டாம். தீப்பட்ட காட்டில் இரட்டிப்புக் கவனம் தேவை.

அடுத்தது உண்ணி. கிழக்குக் கடற்கரையை ஒட்டிய காடுகளில் பராலிசிஸ் உண்ணி உண்டு. முழுக்கை, முழுக்கால் உடை, பேன்ட் நுனியைச் சாக்ஸுக்குள் செருகுவது, வீட்டுக்கு வந்ததும் தலைமுடி, காதுமடல், அக்குள் எல்லாம் தடவிப் பார்ப்பது. கடித்திருந்தால் நகத்தால் கிள்ளிப் பிடுங்கக் கூடாது. நசுக்கினால் நஞ்சு உள்ளே இறங்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் உறையவைக்கும் ஸ்பிரேயை அடித்து அது செத்த பிறகு விழவிடுவதுதான் அங்கே மருத்துவர்கள் சொல்லும் முறை. முன்பே ஒவ்வாமை வந்தவர் என்றால் நேராக மருத்துவமனை. இந்த உண்ணிக் கடியால் சிலருக்கு ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி எதுவுமே ஒத்துக்கொள்ளாமல் போய்விடுகிறது. மட்டன் பிரியாணியை நினைத்தாவது சாக்ஸை இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள். அட்டையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வால்பாறையில் நடந்தவர்களுக்கு அது பழக்கம்தான்.

பாதையை விட்டு விலகாதீர்கள். கால் வைக்கும் இடத்தில் ஒரு ஒளி எப்போதும் இருக்கட்டும். தனியாகப் போக வேண்டாம். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். இந்தக் காடுகளில் பெரும்பாலும் போன் சிக்னல் கிடைக்காது. எமர்ஜென்சி பிளஸ் செயலியை முன்பே இறக்கி வைத்திருந்தால், அவசர எண் 000-ஐ அழைக்கும்போது நீங்கள் நிற்கும் இடத்தைச் சரியாகச் சொல்லலாம். கோடையில் தீ எச்சரிக்கையைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். அந்தியிலும் இரவிலும் கங்காருவும் வாம்பேட்டும் சாலைக்கு வரும்.

அடிபட்ட கிளைடரைக் கண்டால்

பெரும்பாலும் முள்வேலியின் மேல் கம்பியில் சிக்கியிருக்கும். பாயும்போது கம்பி கண்ணுக்குத் தெரிவதில்லை. சவ்வுத்தோல் முள்ளில் மாட்டி, விடுபடத் துள்ளத் துள்ளச் சுற்றிக்கொள்ளும். நீங்களே பிடித்து இழுத்தால் தோல் கிழிந்துவிடும். அதன் பிறகு அது பாயவே முடியாது. ஒரு துண்டை மேலே மெதுவாகப் போர்த்தி இருட்டாக்குங்கள், விலகி நில்லுங்கள், நியூ சவுத் வேல்ஸில் வையர்ஸ், விக்டோரியாவில் வைல்ட்லைஃப் விக்டோரியா என்ற மீட்பு அமைப்புகளை அழையுங்கள். பயிற்சி பெற்றவர்கள் வந்து தேவைப்பட்டால் கம்பியையே வெட்டி விலங்கோடு எடுத்துப் போவார்கள்.

சாலையோரம் செத்துக் கிடந்தால், வண்டிப் போக்குவரத்து இல்லையென்று உறுதிசெய்துகொண்டு, பெண் விலங்கா, பையில் குட்டி இருக்கிறதா என்று பாருங்கள். தாய் இறந்த பின்னும் குட்டி உயிரோடிருக்கலாம். காம்பைக் கவ்வியிருக்கும் சிறு குட்டியைப் பிய்த்து எடுக்காதீர்கள். அதன் வாய் கிழிந்துவிடும். அப்படியே விட்டுவிட்டு மீட்பு அமைப்பிடம் கேளுங்கள்.

பதிவு செய்வது

பார்த்த தேதி, நேரம், மர வகை, தோராயமான உயரம், என்ன செய்துகொண்டிருந்தது, பொந்திலிருந்து வந்ததா, வெறுமனே மரத்தில் இருந்ததா. இந்தக் கடைசி விவரத்துக்குத்தான் மதிப்பு அதிகம். டல்லகண்டா காட்டில் மரம் வெட்டும் இடத்தருகே 2023 ஆகஸ்டில் ஒரு கிளைடர் இறந்து கிடந்தது. மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையம் வேலையை நிறுத்த உத்தரவிட்டது. மரம் வெட்டுகிறவர்கள் இரவில் வெளிவரும் விலங்கின் பொந்தைப் பகலில் தேடினால் எப்படிக் கிடைக்கும் என்ற கேள்வி அப்போது பலமாக எழுந்தது. தன்னார்வலர்கள் அந்தியில் உட்கார்ந்து குறித்து வைத்த பொந்து மரங்கள்தான் அந்த விவாதத்தில் கணக்கில் வந்தன.

ஐநேச்சுரலிஸ்ட் என்ற உயிரினப் பதிவுத் தளத்தில் போடும்போது இடத்தை மறைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள்; பொந்து மரத்தின் துல்லியமான இடம் பொதுவெளியில் வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் லொக்கேஷன் பகிர்வதும் அதே வகைதான்: ஒரு வாரத்தில் அந்த மரத்தடியில் இருபது டார்ச் நிற்கும். ஒன்றும் தென்படாத இரவையும் எழுதி வையுங்கள், எந்த மரத்தடியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தீர்கள் என்பதோடு. அதே இடத்துக்கு வேறு பருவத்தில் மறுபடி போகும்போது, எங்கே உட்காருவது என்று முடிவு செய்ய அந்தக் குறிப்புதான் உதவும்.